ஒரே ஒரு கீ, நிமிடத்துக்கு 8 ஜிபி: ரெடிஸ் நோடின் நெட்வொர்க் முட்டியது எங்கே?

எடுத்துக்கொண்ட அமைப்பு இது. வேர்ட்பிரஸ் மேல் ஓடும் ஒரு வூகாமர்ஸ் இணையக் கடை. டேட்டாபேஸில் படித்ததை நினைவகத்தில் வைத்து உடனே தரும் ஆப்ஜெக்ட் கேஷாக, அமேசானின் எலாஸ்டிகேஷ் சேவையில் ரெடிஸ்; அதில் ஒவ்வொரு மதிப்பும் கீ என்ற பெயரின் கீழ் இருக்கும். நோட் (ரெடிஸ் ஓடும் சர்வர்) வகை ஆர்6ஜி லார்ஜ், எழுதுவதை ஏற்கும் ஒரு பிரைமரி, அதன் நகலாக ஒரு ரிப்ளிகா. இங்கே வரும் கடையின் அளவுகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. நோட், ரெடிஸ், வேர்ட்பிரஸ் பற்றிய எண்கள் அவற்றின் உண்மையான வரம்புகள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால் விடை மாறும், வழி மாறாது.

அறிகுறி வழக்கமாக இப்படித்தான் தொடங்கும். மாலை 7 மணிக்குத் தள்ளுபடி விற்பனை திறக்கிறது. முதல் கால் மணி நேரம் குறையே இல்லை. அதன் பிறகு கார்ட் பக்கம் ஆறு நொடி, எட்டு நொடி என்று இழுக்கிறது. பிஎச்பி லாகில் "கனெக்‌ஷனில் ரீட் எர்ரர்" என்ற வரி நிறைகிறது. கூடவே மைஎஸ்க்யூஎல் சிபியு ஏறுகிறது. பார்ப்பவர்கள் நேராக டேட்டாபேஸைப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்லோ கொயரி தேடுவதிலேயே அன்றைய இரவு போய்விடும். ரெடிஸ் பக்கம் யாராவது எட்டிப் பார்த்தாலும் என்ஜின் சிபியு 20 சதவீதம், நினைவகம் பாதிக்கு மேல் காலி, மெதுவான கட்டளைகளைப் பதியும் ஸ்லோலாக் சுத்தம். "கேஷ் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

டேட்டாபேஸ் இங்கே அடி வாங்கியது, அடித்தது அல்ல. பரவலாகப் பயன்படும் ரெடிஸ் ஆப்ஜெக்ட் கேஷ் பிளக்இன்னில் ரீட் டைம்அவுட் இயல்பாக 1 நொடி. அதற்குள் பதில் வராமல், பிழையைத் தாண்டிப் போகவிடும் கிரேஸ்ஃபுல் தேர்வும் போட்டிருந்தால், அந்தப் பக்கம் கேஷ் இல்லாமலே கட்டப்படும். கேஷ் தாங்கவேண்டிய கொயரிகள் எல்லாம் மைஎஸ்க்யூஎல் தலையில் விழும்.

முதலில் வரம்பைத் தெரிந்துகொள்வது

ஆர்6ஜி லார்ஜ் விளம்பரத்தில் "10 ஜிகாபிட் வரை" என்று இருக்கும். அந்த "வரை" என்ற சொல்லில்தான் சிக்கல். அதன் அடிப்படை பேண்ட்வித் 0.75 ஜிகாபிட். அதற்குக் கீழே ஓடும் நேரத்தில் நெட்வொர்க் கிரெடிட் சேரும். தேவை எகிறும்போது அந்தக் கிரெடிட்டைச் செலவழித்து மேலே போகலாம். நோட் அளவைப் பொறுத்து இது பொதுவாக 5 முதல் 60 நிமிடம் வரை தாங்கும். தீர்ந்ததும் 0.75-க்கு இறங்கிவிடும். முதல் கால் மணி நேரம் கடை ஓடி, பிறகு படுத்ததன் காரணம் இதுதான். விற்பனைக்கு முன் ஓட்டும் பத்து நிமிட லோட் டெஸ்ட் பாஸாகிவிடுவதற்கும் இதே காரணம். இப்படித் தற்காலிகமாக மேலே போகும் (பர்ஸ்ட்) நோடில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த டெஸ்ட் நெட்வொர்க்கைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

0.75 ஜிகாபிட் என்பதை எட்டால் வகுத்தால் நொடிக்கு 93.75 எம்பி. அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் தரும் எண்கள் நிமிடக் கூட்டுத்தொகையாக வருவதால் 60-ஆல் பெருக்க வேண்டும்: 5.625 ஜிபி, அதாவது நிமிடத்துக்கு 562.5 கோடி பைட். நெட்வொர்க் பைட்ஸ் அவுட் வரைபடத்தில் இந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு "இன்னும் எட்டு மடங்கு இடம் இருக்கிறது" என்று நினைப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

விற்பனை நாளின் வரைபடம் இரண்டு துண்டாகத் தெரியும். 7.00 முதல் 7.15 வரை நிமிடத்துக்கு 976 கோடி பைட் உயரத்தில் ஒரு மேடு. பிறகு 560 கோடியில் மேசை மாதிரி தட்டையாக ஒரு கோடு. மனிதர்கள் கடைக்கு வந்து போகும் போக்குவரத்து இப்படித் தட்டையாக இருக்காது, ஏதோ ஒன்று மேலிருந்து அழுத்தினால்தான் இப்படி வரும்.

நிமிடச் சராசரி வரம்புக்குக் கீழே இருந்தும் சில நொடிகள் மட்டும் முட்டுவது உண்டு. அதற்காகவே இருக்கும் அளவீடு நெட்வொர்க் பேண்ட்வித் அவுட் அலவன்ஸ் எக்சீடெட். வெளியே போகும் பேண்ட்வித் வரம்பைத் தாண்டியதால் வரிசையில் நிறுத்தப்பட்ட, அல்லது கைவிடப்பட்ட பாக்கெட்டுகளை அது எண்ணுகிறது. இது பூஜ்யமாக இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடலாம். பக்கத்திலேயே நொடிக்கான பாக்கெட் வரம்புக்கும் கனெக்‌ஷன் டிராக்கிங் வரம்புக்கும் தனித்தனி அளவீடுகள் உண்டு. அவை ஏறினால் நோய் வேறு: பெரிய பதில்கள் அல்ல, எண்ணற்ற சின்னப் பதில்கள், அல்லது திறந்து மூடிக்கொண்டே இருக்கும் கனெக்‌ஷன்கள்.

ஒரு கெட் எத்தனை பைட்?

வரம்பில் முட்டியது உறுதியான பின் பலர் நேராக பெரிய கீ தேடப் போவார்கள். அதற்கு முன் ஒரு வகுத்தல் போதும். மேடு இருந்த நேரத்தில் கெட் வகைக் (கீயைப் படிக்கும்) கட்டளைகள் நிமிடத்துக்கு 2,70,000. வெளியே போன 976 கோடியிலிருந்து ரிப்ளிகாவுக்குப் போனதைக் கழிக்க வேண்டும்; எலாஸ்டிகேஷில் அதற்கு ரெப்ளிகேஷன் பைட்ஸ் என்ற அளவீடு இருக்கிறது. அது 29 கோடி என்றால் மீதி 947 கோடி. வகுத்தால் ஒரு கெட்டுக்குச் சராசரி 35 கேபி.

வேர்ட்பிரஸ் கேஷில் ஒரு போஸ்ட், ஒரு யூசர் மெட்டா, ஒரு டெர்ம் எல்லாமே சில நூறு பைட்டிலிருந்து சில கேபி வரைதான். சராசரி 2 கேபி அருகே இருக்கவேண்டிய இடத்தில் 35 வருகிறது என்றால், கட்டளைகள் கூடவில்லை. சில பதில்கள் பூதாகாரமாக இருக்கின்றன. சராசரி 2 கேபியாகவே இருந்து மொத்தம் மட்டும் ஏறியிருந்தால், லூப்புக்குள் கேஷை அழைக்கும் கோடைத் தேட வேண்டியிருக்கும். தேடும் திசையை இந்த ஒரு வகுத்தல் தீர்த்துவிடுகிறது.

ஸ்லோலாக் ஏன் சுத்தமாக இருந்தது? ரெடிஸ் ஸ்லோலாக் கட்டளை ஓடும் நேரத்தை மட்டும் அளக்கிறது. கிளையன்ட்டிடம் பேசும் நேரம், பதில் அனுப்பும் நேரம் அதில் சேராது. இயல்பான வாசல் 10,000 மைக்ரோநொடி. 2.4 எம்பி மதிப்பை அவுட்புட் பஃபருக்கு நகலெடுக்க அதில் சிறு பங்குகூட ஆகாது. அதே மதிப்பு 0.75 ஜிகாபிட் வயரில் இறங்க, வேறு யாருமே வரிசையில் இல்லாவிட்டாலும், 25 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் ரெடிஸின் எந்த லாகிலும் விழாது. பேண்ட்வித் பிரச்சினையில் ஸ்லோலாகைப் பார்த்துவிட்டு "ரெடிஸ் நிரபராதி" என்று தீர்ப்பெழுதுவது வாசலை மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று சொல்வது மாதிரி.

அவுட்புட் பஃபரும் கவனிக்கவேண்டிய இடம். சாதாரண கிளையன்ட்டுக்கு ரெடிஸில் பஃபர் வரம்பு கிடையாது, இயல்பு மதிப்பு பூஜ்யம். வயர் நிரம்பினால் பதில்கள் நினைவகத்தில் தேங்கும். 200 பிஎச்பி பிராசஸ் ஆளுக்கு 2.4 எம்பிக்குக் காத்திருந்தால் 480 எம்பி. இது நினைவக உச்சவரம்புக் கணக்கில் சேரும் என்பதால், நினைவகம் ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் நோடில் டேட்டா கூடாமலே பழைய கீகளை வெளியேற்றும் எவிக்‌ஷன் தொடங்கிவிடும். கிளையன்ட் லிஸ்ட் கட்டளையின் ஓமெம் புலத்தில் இந்தத் தேக்கத்தை நேரில் பார்க்கலாம்.

கீயைக் கண்டுபிடித்தல்

ரெடிஸ்-சிஎல்ஐயை பிக்கீஸ் தேர்வோடு ரிப்ளிகா முகவரியில் ஓட்டுங்கள். ஐ தேர்வுக்கு 0.1 கொடுத்தால் ஸ்கேன் இடையிடையே மூச்சு விடும். ஸ்ட்ரிங் வகையில் அது காட்டுவது பைட் நீளம். ஹாஷ், லிஸ்ட், செட் வகைகளில் உறுப்பு எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும், எனவே அவற்றுக்கு மெம்கீஸ் தேர்வு. இங்கே வந்த விடை: "ஆப்ஷன்ஸ்:ஆல்ஆப்ஷன்ஸ்" என்று முடியும் ஒரு ஸ்ட்ரிங் கீ, நீளம் 24 லட்சம் பைட்.

மிகப் பெரிய கீதான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டக்கூடாது. நாளுக்கு ஒருமுறை படிக்கப்படும் 6 எம்பி ரிப்போர்ட் யாரையும் தொந்தரவு செய்யாது. அளவு பெருக்கல் தடவை, அதுதான் கணக்கு. தடவையை அறிய ஹாட்கீஸ் தேர்வு இருக்கிறது, ஆனால் எவிக்‌ஷன் கொள்கை எல்எஃப்யு (குறைவாகப் படிக்கப்படுவதை முதலில் வெளியேற்றுவது) ஆக இருந்தால்தான் வேலை செய்யும். எலாஸ்டிகேஷின் இயல்பு வோலடைல்-எல்ஆர்யு: காலாவதி உள்ள கீகளில் நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்றுவது. எல்ஆர்யுவில் ஒரு எளிய வழி: பிரைமரியில் ஆப்ஜெக்ட் ஐடில்டைம் கட்டளையை அந்தக் கீக்கு பத்து நொடி இடைவெளியில் சில தடவை கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் வந்தால் அந்தக் கீ ஓயாமல் தொடப்படுகிறது. இப்படிக் கேட்பது கீயைத் தொட்டதாக ஆகாது. ரீட் எல்லாம் ரிப்ளிகாவுக்குப் போகும் அமைப்பில் இதே கேள்வியை அந்த ரிப்ளிகாவிடம் கேட்க வேண்டும்.

மானிட்டர் கட்டளையை உச்ச நேரத்தில் திறக்காதீர்கள். அது பதில்களைக் காட்டாது, ஆனால் கட்டளைகளை முழுக்கக் காட்டும்: 2.4 எம்பி செட் ஒன்று வந்தால் அந்த 2.4 எம்பியும் உங்கள் டெர்மினலுக்கு இன்னொரு முறை அதே வயரில் போகும். ரெடிஸிலிருந்து பிரிந்த வால்கி 8-ஐ கிளஸ்டர் முறையில், அதற்கான அமைப்பை இயக்கிப் பயன்படுத்துபவர்களுக்கு அந்தத் தொல்லை குறையும். கிளஸ்டர் ஸ்லாட்-ஸ்டாட்ஸ் கட்டளை ஸ்லாட் (கீகளைப் பிரித்து வைக்கும் பங்கு) வாரியாக உள்ளே வந்த, வெளியே போன பைட்டைத் தருகிறது. எந்த சர்வர் அதிகம் இழுக்கிறது என்பதற்கு நெட்வொர்க் போக்குவரத்தைப் பதியும் விபிசி ஃப்ளோ லாக் போதும்.

அந்தக் கீக்குள் என்ன இருக்கிறது

வேர்ட்பிரஸ் அமைப்புகளை வைக்கும் தன் ஆப்ஷன்ஸ் டேபிளில் ஆட்டோலோட் குறி உள்ள வரிகளை எல்லாம் ஒரே அரேயாக்கி, சீரியலைஸ் செய்து (ஒரே ஸ்ட்ரிங்காக மாற்றி), ஆல்ஆப்ஷன்ஸ் என்ற ஒரே கீயில் வைக்கிறது. பிஎச்பி வரை வரும் ஒவ்வொரு கோரிக்கையும் தொடக்கத்தில் அதை முழுதாக எடுக்கும். பக்கக் கேஷிலிருந்து போகும் பக்கங்களுக்கு இந்தச் செலவு இல்லை. கார்ட், செக்அவுட், லாகின் செய்தவர்கள், அட்மின்-அஜாக்ஸ் ஆகியவற்றுக்கு உண்டு. பிரவுசருக்கு 300 பைட் ஜேசன் அனுப்பும் ஒரு அஜாக்ஸ் அழைப்புக்குப் பின்னால் 2.4 எம்பி நகர்ந்திருக்கும்.

நொடிக்கு 60 கோரிக்கை பெருக்கல் 2.4 எம்பி, 144 எம்பி. மற்ற கெட்கள் எல்லாம் சேர்ந்து 9 எம்பி. நோடின் அடிப்படை வரம்பு 93.75. அதை 2.4-ஆல் வகுத்தால் 39. நொடிக்கு 39 கோரிக்கைக்கு மேல் இந்த நோட் நிரந்தரமாகத் தாங்காது, வேறு எந்தக் கீயையும் யாரும் தொடாவிட்டால்கூட.

எழுதும் பக்கம் இன்னும் மோசம். ஆட்டோலோட் ஆப்ஷன் ஒன்றில் ஒரு பைட் மாறினாலும் முழு அரேயும் மறுபடி எழுதப்படும். அதோடு 5.3.1 பதிப்பிலிருந்து அப்டேட் செய்யும் முன் வேர்ட்பிரஸ் ஆல்ஆப்ஷன்ஸை கேஷிலிருந்து கட்டாயமாகப் புதிதாகப் படிக்கிறது. இரண்டு பிராசஸ் ஒன்றன் மாற்றத்தை இன்னொன்று அழிக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு. எனவே ஒரு அப்டேட்டுக்கு வெளியே 2.4, உள்ளே 2.4, ரிப்ளிகாவுக்கு 2.4. 404 பக்கங்களை ஒரே ஆப்ஷனில் லாக் செய்யும் ரீடைரக்ட் பிளக்இன் ஒன்று இருந்து, பாட்கள் நொடிக்கு இரண்டு 404 அடித்தால், வெளியே போவது மட்டும் இன்னொரு 9.6 எம்பி.

அண்மையில் எழுதியவற்றை ரிப்ளிகாவுக்காக வைத்திருக்கும் ரிப்ளிகேஷன் பேக்லாக்கின் இயல்பு அளவு 1 எம்பி. இங்கே ஒரு முறை எழுதுவதே அதைவிடப் பெரியது. நெரிசலில் ரிப்ளிகாவின் கனெக்‌ஷன் ஒருமுறை அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லாமல், முழு டேட்டாவும் மறுபடி அதே நிரம்பிய வயரில் போகத் தொடங்கும். ரெடிஸ் லாகில் ஃபுல் ரீசிங்க் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் நடக்கிறது.

2.4 எம்பியின் உள்ளடக்கம் அறிய டபிள்யூபி-சிஎல்ஐயின் ஆப்ஷன் லிஸ்ட் கட்டளையில் ஆட்டோலோட் வடிகட்டி போட்டு, சைஸ் பைட்ஸ் புலத்தின்படி அடுக்குங்கள். கிடைத்த பிரிவு: எப்போதோ நீக்கிய பேஜ் பில்டரின் டெம்ப்ளேட் மிச்சம் 1.3 எம்பி, காலாவதி இல்லாத டிரான்சியன்ட்கள் (பிளக்இன்கள் தற்காலிகமாகச் சேமிப்பவை) 0.5, அந்த 404 லாக் 0.25, ரீரைட் ரூல்ஸ் 0.08, மீதி எல்லாம் சேர்ந்து 0.27.

டிரான்சியன்ட்கள் எப்படி அங்கே வந்தன என்பது பலருக்கும் புரியாத இடம். ஆப்ஜெக்ட் கேஷ் இருந்தால் டிரான்சியன்ட் டேபிளுக்குப் போகாதே? போகாது, ஆனால் ஆப்ஜெக்ட் கேஷ் நிறுவுவதற்கு முன் எழுதியவை அங்கேயே கிடக்கும். காலாவதி தராமல் எழுதிய டிரான்சியன்ட் ஆட்டோலோட் குறியோடுதான் பதிவாகும். காலாவதியானவற்றைத் துடைக்கும் அன்றாட வேலையோ, வெளிக் கேஷ் இருப்பதைக் கண்டதும் டேபிளைத் தொடாமலே திரும்பிவிடும். ஆக யாரும் படிக்காத, யாரும் அழிக்காத வரிகள் ஒவ்வொரு கோரிக்கையோடும் வயரில் பயணம் செய்கின்றன.

சரிசெய்த வரிசை

நோடைப் பெரிதாக்குவது முதலில் தோன்றும் யோசனை. ஆர்6ஜி எக்ஸ்லார்ஜின் அடிப்படை 1.25 ஜிகாபிட், அதை வைத்து நொடிக்கு 65 கோரிக்கை, விலை இரு மடங்கு. விற்பனை நடந்துகொண்டிருக்கும் இரவில் அதுவே சரி, மறுநாளைக்கு அல்ல. ஷார்டு (கீகளைப் பங்கிடும் கூடுதல் நோட்) சேர்ப்பது இங்கே பயனற்றது: ஒரு கீ ஒரே ஸ்லாட்டில்தான் இருக்கும், புது ஷார்டுகள் வேடிக்கை பார்க்கும். ரிப்ளிகா சேர்த்து ரீடைப் பிரித்தால் படிப்பது பங்கிடப்படும், ஆனால் ஒவ்வொரு புது ரிப்ளிகாவும் எழுதுவதன் இன்னொரு நகலைப் பிரைமரியிடம் கேட்கும்.

வேலை டேபிளில் தொடங்க வேண்டும். பேக்அப் எடுத்துவிட்டு, நீக்கிய பிளக்இன்னின் வரிகளை அழிப்பது. டபிள்யூபி-சிஎல்ஐயின் டிரான்சியன்ட் டிலீட் கட்டளையை ஆல் தேர்வோடு ஓட்டினால் டேபிளில் கிடப்பவை போகும்; வெளிக் கேஷில் இருப்பவற்றை அது தொடாது என்று அதுவே எச்சரிக்கும். நேரடியாக எஸ்க்யூஎல் எழுதி வரிகளை மாற்றினால் கேஷுக்கு அந்தச் சேதி தெரியாது, பழைய 2.4 எம்பி அப்படியே இருக்கும். அதனால் கடைசியில் ஆப்ஷன்ஸ் குழுவின் ஆல்ஆப்ஷன்ஸ் கீயை மட்டும் அழிக்க வேண்டும். முழுக் கேஷையும் ஃப்ளஷ் செய்யாதீர்கள். உச்ச நேரத்தில் அதைச் செய்தால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது.

404 லாக் வேறு கதை. ஆட்டோலோட் குறியை எடுத்துவிட்டால் அது தனிக் கீயாக மாறும். யாரும் படிக்காத ஆப்ஷனுக்கு அதுவே தீர்வு. ஒவ்வொரு கோரிக்கையும் படிக்கும் ஆப்ஷனாக இருந்தால் பைட் குறையாது, பெட்டி மட்டும் மாறும். லாக் 404 வரும்போது மட்டும் படிக்கப்படுவதால் இங்கே குறியை எடுத்ததில் பெரும்பகுதி தீர்ந்தது. பிளக்இன்னில் லாக் செய்வதையே நிறுத்தி, அந்த வேலையை வெப் சர்வர் லாகுக்கு விட்டால் மீதியும் தீரும்.

மிஞ்சியது 0.35 எம்பி. நொடிக்கு 60 கோரிக்கையில் 21 எம்பி, மற்றவை 9, மொத்தம் 30. வரம்பில் மூன்றில் ஒரு பங்கு, அதே லார்ஜ் நோடில்.

இதற்கு மேல் இக்பைனரி சீரியலைசரும் இசட்ஸ்டாண்டர்ட் கம்ப்ரஷனும் போடலாம். பிஎச்பிரெடிஸ் இரண்டையும் ஆதரிக்கிறது, சுருக்கும் வேலை பிஎச்பி சர்வரில் நடப்பதால் ரெடிஸ் சிபியு ஏறாது. ஆனால் மாற்றிய நொடியில் பழைய மதிப்புகள் படிக்க முடியாதவை ஆகிவிடும். கீ முன்னொட்டை மாற்றிவிட்டால் பழையதும் புதியதும் மோதாது. அப்போது பழைய கீகளுக்குக் காலாவதி நேரம் (டிடிஎல்) இல்லையென்றால் வோலடைல்-எல்ஆர்யு அவற்றைத் தொடவே தொடாது, நினைவகம் நிரம்பிப் புதிதாக எழுதுவது மறுக்கப்படும். முன்னொட்டை மாற்றிய அன்றே ஸ்கேன் வைத்துத் தேடி, டெல் அல்ல, அன்லிங்க் கட்டளையால் பழையவற்றை எடுத்துவிட வேண்டும்.

சுருக்குவதைச் சுத்தம் செய்வதற்கு முன் செய்யக்கூடாது. குப்பையைச் சுருக்கி வைத்தால் அது மறைந்துவிடும், ஸ்ட்ரிங் நீளம் அடக்கமாகத் தெரியும், ஆறு மாதத்தில் மறுபடி அதே இடம்.

காவல்

வெளியே போகும் பைட்டுக்கு அலாரம் அடிப்படை வரம்பின் 70 சதவீதத்தில்: இந்த நோடுக்கு நிமிடத்துக்கு 394 கோடி. அலவன்ஸ் எக்சீடெட் அளவீட்டுக்கு வாசல் பூஜ்யம். நோட் வகையை மாற்றும்போது முதல் எண்ணையும் மாற்ற மறந்துவிடுவார்கள் என்பதால், அலாரத்தின் விளக்கத்திலேயே நோட் வகையை எழுதி வையுங்கள்.

வேர்ட்பிரஸ் 6.6 இரண்டு விஷயத்தில் கைகொடுக்கிறது. ஆட்டோலோட் மொத்தம் 800 கேபி தாண்டினால் சைட் ஹெல்த் பக்கத்தில் எச்சரிக்கும். பிளக்இன் ஆட்டோலோட் வேண்டுமா என்று சொல்லாமல் எழுதும் ஆப்ஷன் 150 கேபிக்கு மேல் இருந்தால் அதைத் தானாக ஆட்டோலோட் செய்யாது. வெளிப்படையாக "வேண்டும்" என்று எழுதும் பிளக்இன்களை அது தடுக்காது.

800 கேபி என்பது இந்தக் கடைக்குத் தாராளம்: நொடிக்கு 60 கோரிக்கையில் அதுவே 48 எம்பி, வரம்பில் பாதி. தினமும் காலை 6 மணிக்கு ஒரு கிரான் வேலை ஆல்ஆப்ஷன்ஸ் கீக்கு ஸ்ட்ர்லென் கொடுத்து, 5 லட்சம் பைட்டைத் தாண்டினால் முதல் பத்து ஆப்ஷன்களின் பெயரையும் அளவையும் மெயிலில் அனுப்பட்டும். அதோடு நோட்ஆப்ஷன்ஸ் கீயையும் அளக்கச் சொல்லுங்கள்; இல்லாத ஆப்ஷன்களின் பெயர்ப் பட்டியல் அது, யூசர் ஐடியைப் பெயரில் ஒட்டித் தேடும் பிளக்இன் ஒன்று வந்தால் அடுத்துப் பெருக்கப் போவது அதுதான்.